அரைக் கிலோ சண்டை

"மாமா, உலகமே முன்னால போகுது. உங்க பேரன் மட்டும் பின்னால போறான்."

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை இப்படிச் சொன்னபோது பேரன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க வாயைத் திறக்காதீங்க" என்று அர்த்தம். 38 வருடம் அரசாங்க அலுவலகத்தில் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. பென்ஷன் வாங்கிக்கொண்டும் அதையே செய்ய வேண்டுமா? திறந்தேன். அன்று ஆரம்பித்த சண்டை, நான் புதுச்சேரி திரும்பிய பிறகும் போனில் நடக்கிறது. என் பக்கத்து நியாயத்தை முழுசாகச் சொல்ல மாப்பிள்ளை விடுவதில்லை. இங்கே யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

சண்டை ஒரு சைக்கிளைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அந்தச் சைக்கிளின் பின்பக்கத்து ஷாக் அப்சார்பரைப் பற்றியது.

மகள் குடும்பம் கிரெனோபிளில் இருக்கிறது. தாம்பாளம் மாதிரித் தட்டையான ஊர், சுற்றிலும் ஆல்ப்ஸ் மலை. 1968-ல் குளிர்கால ஒலிம்பிக் அங்கேதான் நடந்தது. நான் அப்போது இங்கே லிசேயில் கடைசி வகுப்பு. ழான்-குளோத் கில்லி பனிச்சறுக்கில் மூன்று தங்கம் வாங்கிய ஷாம்ரூஸ் மலையைப் பத்திரிகைப் படத்தில் வாய் பிளந்து பார்த்தோம். எங்களில் ஒருவனும் பனியையே பார்த்ததில்லை. அந்த மலையில் இப்போது கோடைக்காலத்தில் பனிக்குப் பதில் சைக்கிள். 1,650 மீட்டரிலிருந்து கம்பி வண்டியில் சைக்கிளையும் ஆளையும் ஏற்றி 2,250 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து பாறை, மர வேர், சரளைக்கல் எல்லாவற்றின் மேலும் உருண்டு இறங்க வேண்டும். இதற்குப் பணமும் கட்ட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சைக்கிளை வே-தே-தே என்பார்கள். நாம் மலைச் சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம்.

பேரனுக்கு வயது 19. முந்தைய வருடம் இறக்கத்தின் கடைசியில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். "பின்சக்கரம் உதைச்சுது தாத்தா" என்றான். மேலே நன்றாக இருந்த சைக்கிள் கீழே வர வரக் கட்டையாகிவிட்டதாம். மகள் சைக்கிளையே விற்றுவிடச் சொல்லிவிட்டாள். அவன் பதிலுக்கு ஒன்று கேட்டான். விற்க வேண்டாம், காற்று ஷாக்கை மட்டும் எடுத்துவிட்டுக் கம்பிச் சுருள் ஷாக் போட்டுப் பார்க்கிறேன் என்று. லீவில் ஒரு பெரிய கடையில் தட்டு அடுக்கிச் சேர்த்த பணம் கையில் இருந்தது. அதற்குத்தான் மாப்பிள்ளை, பின்னால் போகிறான் என்றார். ஸ்பிரிங் என்றால் பழசு, காற்று என்றால் புதுசு, இது அவர் கட்சி. அவரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்தான். அப்பனும் பிள்ளையும் ஒரே மாடல் சைக்கிளை ஒரே நாளில் வாங்கியவர்கள். அதனால் அவர் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு உண்டு.

நம் வயதுக்காரர்களுக்காக ஒரு விளக்கம். மலைச் சைக்கிளின் ஃபிரேம் இரண்டு துண்டு. பின்துண்டு கீலில் ஆடும். இரண்டுக்கும் நடுவே, காலுக்கடியில், ஒரு ஷாக் படுத்திருக்கும். அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று ஆளைத் தாங்குவது, அது ஸ்பிரிங்கின் வேலை. இன்னொன்று, அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது, அது உள்ளே சின்னத் துளை வழியாகப் போய்வரும் எண்ணெயின் வேலை. பஜாஜ் சேத்தக் ஓட்டினவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்கூட்டரின் பின்னால் சுருளும் எண்ணெய்க் குழாயும் சேர்ந்தேதான் இருந்தன. எண்ணெய் ஒழுகிப்போன ஸ்கூட்டரில் பின்சீட்டில் உட்கார்ந்து வில்லியனூர் வரை போன மனைவியைக் கேட்டால் அடக்குவது என்றால் என்ன என்று சொல்லுவார்.

ஆக, இந்தச் சண்டையில் எண்ணெய்க்கு இடமில்லை. இரண்டு ஷாக்கிலும் எண்ணெய் உண்டு. தாங்கும் வேலையை மூடி வைத்த காற்று செய்வதா, கம்பிச் சுருள் செய்வதா என்பதுதான் கேள்வி.

காற்று எப்படித் தாங்குகிறது? லிசேயில் எங்களுக்கு இது மரியோத் விதி. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களுக்கு பாயில் விதி. பாயில் 1662-லேயே சொல்லிவிட்டார், மரியோத் பிந்தித்தான் வந்தார், ஆனாலும் எங்கள் வாத்தியார் வாயிலிருந்து பாயில் என்ற பெயர் கடைசிவரை வந்ததில்லை. போகட்டும். காற்றின் இடத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. கால்வாசியாக்கினால் நாலு மடங்கு. அமுக்க அமுக்க முறைத்துக்கொண்டே போகும். ஆரம்பத்தில் இன்னொரு சங்கடம். அந்தக் காற்றைப் பிடித்து வைக்க இறுக்கமான ரப்பர் வளையங்கள் வேண்டும். பேரனின் ஷாக்கில் 180 பாயிண்டு காற்று. கார் டயருக்கு நாம் அடிப்பது 30, 35. இத்தனை அழுத்தத்தைப் பிடிக்கிற ரப்பர், குழாயையும் இறுக்கிப் பிடிக்கத்தானே செய்யும்? சின்னக் கல் தட்டினால் முதலில் அந்தப் பிடி விட வேண்டும், அப்புறம்தான் சக்கரம் ஏறி இறங்கும். எதிர்ப்பக்கத்திலும் ஓர் அறை வைத்துக் காற்று அடைத்து இதைக் குறைக்கப் பார்க்கிறார்கள். நன்றாகவே குறைத்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒழித்துவிடவில்லை.

ஆக, தொடக்கத்தில் ஒரு தயக்கம், முடிவில் ஒரு முறைப்பு. நடுவில் எப்படியாம்? நடுவில் தொளதொளவென்று இருக்கிறது என்கிறான் பேரன்.

கம்பிச் சுருளுக்கு இந்தக் குணபேதம் கிடையாது. ராபர்ட் ஹூக் 1676-ல் தன் விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராக வெளியிட்டார், வேறு யாரும் தட்டிக்கொண்டு போகாமல் இருக்க. 1678-ல்தான் அவிழ்த்தார். கான்ஃபிடென்ஷியல் ஃபைல் என்பது எவ்வளவு பழைய வியாதி பாருங்கள். உள்ளே இருந்தது ஒரே வரிச் சமாசாரம்: எவ்வளவு சுமையோ அவ்வளவு அமுங்கும். முதல் மில்லிமீட்டருக்கு எவ்வளவு பலம் வேண்டுமோ, ஐம்பதாவது மில்லிமீட்டருக்கும் கூடுதலாக அவ்வளவே. நேர்கோடு.

இப்போது பேரன் சொன்ன "கீழே வர வரக் கட்டையாகிறது" என்பதற்கு வருகிறேன். இதைத்தான் மாப்பிள்ளை மனப்பிரமை என்றார். நீண்ட இறக்கத்தில் ஷாக் ஆயிரக்கணக்கில் அமுங்கி எழும். அந்த உழைப்பெல்லாம் சூடாகத்தான் போக வேண்டும். கீழே வந்ததும் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. மூடி வைத்த காற்றைச் சூடு பண்ணினால் அழுத்தம் ஏறும். இதற்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர்தான், கே-லுசாக். மலையுச்சியில் 20 டிகிரியில் 180 பாயிண்டு இருந்த காற்று, 60 டிகிரி ஆனால் கணக்குப்படி 205-ஐத் தாண்டும். ஒருவரும் பம்பைத் தொடாமலே 25 பாயிண்டு கூடிவிட்டது! அதுவும் எப்போது? கைகால் ஓய்ந்துபோய், பிரேக் பிடிக்கிற விரல் மரத்துப்போயிருக்கிற கடைசிப் பத்து நிமிடத்தில். சுருள் ஷாக்கிலும் எண்ணெய் சூடாகும், இளகும், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டுக்கெல்லாம் கம்பிச் சுருளின் பலம் அசைந்து கொடுக்காது. பேரன் விழுந்ததற்குக் காற்றுதான் காரணம் என்று நான் கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டேன். அது பிரமை இல்லை என்று செய்வேன்.

மாப்பிள்ளையின் பெரிய ஆயுதம் எடை. சமையலறைத் தராசை எடுத்துவந்து இரண்டு ஷாக்கையும் வைத்துக் காட்டினார். சுருள் ஷாக் 460 கிராம் அதிகம். "அரைக் கிலோ மாமா, அரைக் கிலோ!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கம் தொலைந்த மாதிரி. நான் கேட்டேன், எதில் அரைக் கிலோ? சைக்கிள் 15 கிலோ. பையன், ஹெல்மெட், முட்டிக் கவசம், முதுகுப் பை எல்லாம் சேர்த்து 78 கிலோ. மொத்தம் 93. அதில் 460 கிராம் என்பது நூற்றுக்கு அரை. இரண்டு பகெத் ரொட்டியின் எடை. பையன் மேலே போவதற்கு முன் ஒரு போத்தல் தண்ணீர் குடிக்கிறானே, அதைவிடக் குறைவு. அந்த எடையும் எங்கே உட்காருகிறது? சக்கரத்திலா? சக்கரத்தில் கூடினால் நானே எதிர்ப்பேன். ஒவ்வொரு கல்லுக்கும் தூக்கிப் போட வேண்டிய எடை அது. இதுவோ ஃபிரேமின் நடுவில், தாழ்வாக, கட்டிப்போட்ட நாய் மாதிரிப் படுத்திருக்கிறது.

எடைக்கு எதிராக எனக்குப் பகையில்லை. பெடல் போட்டு மலையேறிப் பந்தயம் ஓடுகிறவர்கள் காற்றுதான் வைத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு அதுவே சரி. என் கோபம், கம்பி வண்டியில் மேலே போய் உருண்டு கீழே வருகிறவனிடம் போய் அரைக் கிலோவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் மேல்தான். தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பின்சக்கரம் தரையைப் பிடித்திருக்கிறதா என்று நிறுக்கிற தராசு எந்தக் கடையிலும் இல்லை. அதனால் நிறுக்க முடிந்ததை வைத்தே வியாபாரம் நடக்கிறது.

இரண்டாவது ஆயுதம், காற்றென்றால் வேண்டிய அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம் என்பது. இது உண்மையிலேயே நல்ல வாதம், நான் கொஞ்சம் தடுமாறினேன். சென்னைக்குப் போகிற ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸை நினைத்துக்கொண்டபோதுதான் பதில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும்போது ஐந்து பேர், கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் ஐம்பது பேர். சுமை மணிக்கு மணி மாறுகிற வண்டிக்குக் காற்று வேண்டும், நியாயம். சைக்கிளில் ஒரே ஆள். என் பேரன் காலையில் 72 கிலோ, சாயந்திரமும் 72 கிலோ. தினம் தினம் எதைக் கூட்டிக் குறைப்பது? கூட்ட முடிகிறது என்பதாலேயே இவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பம்பை வைத்துக்கொண்டு 5 பாயிண்டு ஏற்றி, 5 பாயிண்டு இறக்கி, அரை நாளைக் கழித்தான். சில நாள் காலையில் பார்த்தால் காற்று தானாகவே குறைந்து, சைக்கிள் யானை மண்டியிட்ட மாதிரிப் பின்பக்கம் தாழ்ந்து நிற்கும்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நாற்காலி ஞாபகம் வரும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பிரம்பு நாற்காலிகளைக் கழித்துவிட்டு கேஸ் நாற்காலி வாங்கினார்கள். விசையைத் தொட்டால் ஏறும், இறங்கும். முதல் ஆறு மாதம் எல்லாரும் குழந்தை மாதிரி ஏறி இறங்கினோம். அப்புறம் ஒவ்வொன்றாக இறங்க மட்டும் செய்தது. மேசை விளிம்பு தாடைக்கு வர, ஃபைலை அண்ணாந்து பார்த்து நோட் எழுதினோம். எங்கள் சூப்பரிண்டெண்டென்ட் குள்ளமான மனிதர், பாவம், கதவருகே நின்று பார்த்தால் சீட்டில் ஆள் இருப்பதே தெரியாது. பழுது பார்க்க ஆளைக் கூப்பிட்டால், "இதெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது சார், உருளையை மாத்தணும்" என்றான். உருளைக்கு இண்டென்ட் போட்டு இரண்டு நிதியாண்டு போயிற்று. கழித்துப்போட்ட பிரம்பு நாற்காலிகளை ஸ்டோரிலிருந்து ஒவ்வொருவராகத் திருட்டுத்தனமாய் எடுத்துவந்தோம். முதலில் எடுத்தவன் நான்.

கெட்டுப்போகாத பொருள் எதுவும் இல்லை, தெரியும். எப்படிக் கெடுகிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம். காற்று ஷாக்கின் ரப்பர்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்களே புத்தகத்தில் போடுகிறார்கள். ஆல்ப்ஸில் ஒரு கோடையில் 50 மணி சாதாரணமாக ஓடிவிடும். சுருள் ஷாக்குக்கும் எண்ணெய் மாற்றும் வேலை உண்டு, ஆனால் இந்தக் காற்று ரப்பர் தொல்லை இல்லை. சுருளுக்கு நாம் செய்ய வேண்டியது சேற்றைக் கழுவுவது.

மாப்பிள்ளை, பிரான்சில் பிறந்து வளர்ந்தவர், அங்கேயே இந்த வழக்கு ஒருமுறை நடந்து முடிந்ததை மறந்துவிட்டார். என் பெரியப்பா சொல்தா. துலோனில் இருந்தபோது 1950-களின் கடைசியில் ஒரு படம் அனுப்பினார். சித்ரோவன் தெ-எஸ் கார், பக்கத்தில் தொப்பியோடு பெரியப்பா. கார் அவருடையது அல்ல என்பது பிறகு தெரிந்தது. 1955-ல் பாரீஸ் கண்காட்சியில் வந்த அந்தக் காரில் சுருளே இல்லை. கோளங்களில் அடைத்த நைட்ரஜனும் எண்ணெயும்தான் தாங்கும். நிறுத்தி வைத்தால் மெல்லத் தரையோடு தாழும், கிளப்பினால் எழுந்து நிற்கும். 1962 ஆகஸ்டில் பெத்தி-கிளமாரில் தெ கோலைச் சுட வந்தவர்கள் டயரைக் கிழித்தும் இந்தக் கார்தான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மாதம்தான் நம் ஊர் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தது, ரேடியோவில் இரண்டு செய்தியும் ஒரே வாரத்தில் கேட்டதாக ஞாபகம். அற்புதமான கார், மறுக்கவில்லை. ஆனால் கோளத்தில் வாயு குறையும், திரும்ப நிரப்ப வேண்டும், குழாய் ஒழுகும், அதற்கென்றே பழகிய மெக்கானிக் வேண்டும்.

அதே கம்பெனி 1948-ல் காட்டிய இன்னொரு கார் தெ-ஷ்வோ. இரண்டு குடியானவர்கள், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, மடியில் ஒரு கூடை முட்டை, உழுத வயலைக் கடந்தால் ஒரு முட்டை உடையக் கூடாது. முதலாளி கொடுத்த உத்தரவு அது. எதை வைத்துச் சாதித்தார்கள்? காருக்கடியில் படுக்கவைத்த குழாய்க்குள் கம்பிச் சுருள். அதை 1990 வரை செய்தார்கள், சுமார் 38 லட்சம் கார். தெ-எஸ் காரின் முறையை அந்தக் கம்பெனியே பிற்பாடு கைவிட்டுவிட்டது. இதைச் சொன்னதும் மாப்பிள்ளை, "அது கார் மாமா, இது வே-தே-தே" என்றார். உழுத வயலுக்கும் ஷாம்ரூஸுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாராவது என் பேச்சைக் கேட்டுப் பணத்தைத் தொலைப்பார்கள். சுருள் எல்லாச் சைக்கிளுக்கும் ஒத்துவராது. சுருள் நேர்கோடு என்றேன் அல்லவா? முறைத்துக்கொள்ளாத அந்தக் குணமே பெரிய குதியில் எதிரியாகும். கடைசியில் முறைக்கிற வேலையை ஃபிரேமின் நெம்புகோல் அமைப்பு செய்ய வேண்டும். அமுங்க அமுங்க ஷாக்கை அழுத்துவது கடினமாகிற மாதிரி கீல்களை வைத்திருந்தால் சுருள் பொருந்தும். அப்படி இல்லாத ஃபிரேமில் போட்டால் ஒவ்வொரு குதிக்கும் அடிமட்டத்தில் போய் டொக்கென்று முட்டும், ஃபிரேமும் விரியலாம். சில ஃபிரேம்களில் ஷாக்கின் முனையை நீளமான கவையால் பிடித்திருப்பார்கள். அதில் சுருள் ஷாக் போட்டால் அதன் தண்டு பக்கவாட்டில் வளையப் பார்க்கும். தயாரித்தவரே சுருள் போடலாம் என்று எழுதியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். பேரனின் சைக்கிளுக்கு எழுதியிருந்தது. நானே கண்ணாடி போட்டுப் படித்தேன்.

அப்புறம் கணக்கு. சுருளை உன் எடைக்குப் பார்த்து வாங்க வேண்டும், பம்ப் வைத்து மாற்ற முடியாது. மாப்பிள்ளை இதைக் குறை என்றார். எனக்கோ இதுதான் அந்தக் கோடையின் சந்தோஷமான சாயந்திரம். சமையலறை மேசையில் பேரனும் நானும் ஒரு பென்சிலும். மனக்கணக்கு எனக்கு இன்றும் பிரெஞ்சில்தான் வரும், கூட்டுத்தொகையைத் தமிழில் எழுதுவேன். 78 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரத்துக்கு: 52. சக்கரம் 150 மில்லிமீட்டர் ஏறினால் ஷாக் 60 அமுங்குகிறது, அதாவது நெம்புகோல் இரண்டரை. 52-ஐ இரண்டரையால் பெருக்கினால் சுருளின் மேல் 130 கிலோ. ஆள் சும்மா உட்கார்ந்தாலே ஷாக் நூற்றுக்கு முப்பது, அதாவது 18 மில்லிமீட்டர், அமுங்கியிருக்க வேண்டும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே போக அந்த இடம் வேண்டும். 130-ஐ 18-ஆல் வகுத்தால், மில்லிமீட்டருக்கு 7.2 கிலோ. ஆனால் கடைக்காரர்கள் இன்னும் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றுதான் சுருளில் அச்சடிக்கிறார்கள். மீட்டரைக் கண்டுபிடித்த நாட்டிலேயே! 56-ஆல் பெருக்கு: 403. சுருள்கள் பெரும்பாலும் 50, 50 ஆக ஏறும், 25 ஆகத் தருகிறவர்களும் உண்டு. 400 வாங்கினான். மாட்டி, ஏறி உட்கார்ந்து, ரப்பர் வளையம் நகர்ந்த தூரத்தை அளந்தால் 18-க்கு ஒரு மயிரிழை கூட. லிசே வாத்தியார் இருந்திருந்தால் காதைத் திருகாமல் விட்டிருப்பார்.

சுருளுக்கு நம் ஊரில் கெட்ட பெயர் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட மனசில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு. அவனுக்குத் தாத்தா "டபுள் சஸ்பென்ஷன்" சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். சிவப்புச் சுருள் ஒன்று நடுவில் பளபளவென்று. அதைக் குனிந்து பார்த்தேன். சுருள் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே எண்ணெய்க் குழாய் கிடையாது, அடக்குவதற்கு ஒன்றுமே கிடையாது. பெடலை மிதித்தால் பாதிப் பலம் அந்தச் சுருளை அமுக்குவதற்கே போகிறது, ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் தவளை மாதிரித் துள்ளுகிறது. தூக்கிப் பார்த்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. இந்தப் பையன் கடற்கரை ரோட்டில் சாதா சைக்கிள்காரனுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போகிறான், தன் காலில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு. இது சஸ்பென்ஷன் இல்லை, பொம்மைக்கு வைக்கிற ஸ்பிரிங். பேரப்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கப் போகிற தாத்தாக்களே, சீட்டை இரண்டு கையாலும் அமுக்கிச் சட்டென்று விடுங்கள். மெல்ல எழுந்தால் அடக்கம் இருக்கிறது. கையைத் தட்டிவிட்டு எழுந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். நம் ஊர் சமதரை ரோட்டுக்குப் பின்னால் எந்த ஷாக்கும் தேவையில்லை, சீட்டுக்கடியில் இரண்டு சுருள் இருந்த பழைய ஹெர்குலிஸ் போதும்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஷாம்ரூஸ் போனோம். நான் கீழே காபிக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். மகளும் வந்தாள், ஆனால் பாதைப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பேரன் ஐந்து தடவை இறங்கினான். கடைசித் தடவை, வேர் பின்னிக் கிடக்கிற அந்தத் திருப்பத்தில் அவன் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் தையல் மெஷின் ஊசி மாதிரி ஏறி இறங்கியது, ஃபிரேம் ஆடவில்லை. வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அம்மாவிடம் கையை நீட்டிக் காட்டினான், நடுக்கம் இல்லை என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை விற்கிற பேச்சை அதன் பிறகு எடுக்கவுமில்லை. மாப்பிள்ளை மட்டும் கழற்றிய காற்று ஷாக்கைத் துணியில் சுற்றிக் கராஜில் பத்திரமாக வைத்தார். "வேண்டியிருக்கும்" என்றார்.

போன வாரம் போன் செய்தார். நலம் விசாரித்து, மழை விசாரித்து, மீன் விலை விசாரித்துவிட்டு, "மாமா, சும்மா ஒரு கேள்வி. ஒரு ஆளு 84 கிலோன்னா உங்க கணக்குல எவ்வளவு வரும்?"

ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. சாமான் ஆறு கிலோ, 90. மூன்றில் இரண்டு 60. அப்புறம் 150. வகுத்தால் எட்டே கால் சொச்சம். 467. 450-க்கும் 500-க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, அந்த ஆளைத் தராசுல ஏத்திட்டுச் சொல்லுங்க" என்றேன்.

ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு தூரத்தில் மகள் சிரிப்பது கேட்டது. அதற்கும் பின்னாலிருந்து பேரன் கத்தினான்: "காத்ர்-வேன்-தீஸ், தாத்தா!" நாலு இருபதும் ஒரு பத்தும். சாமானோடு 96, பிறகு 64, பிறகு 160.

500 என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.